ஜூரோங்கில் தமிழ் படிக்கும் பிள்ளைகள்

ஜொகூர் மாநிலத்துத் தோட்டங்களில் எந்த வீட்டு வாசலில் நின்று விசாரித்தாலும், "பெரியவன் ஜூரோங்கில் வேலை செய்கிறான்" என்றோ, "மருமகனுக்குத் துவாசில் கப்பல் பட்டறையில் வேலை" என்றோ ஒரு பதில் கிடைக்காமல் போகாது. 1998-ஆம் ஆண்டு இரண்டாவது பாலம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கம் போவது இன்னும் சுலபமாகிவிட்டது. பொழுது விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் புறப்பட்டுப் போவதைப் பார்த்தால், அந்தக் காலத்துப் பெரட்டு இடம் மாறி நடக்கிறதோ என்று தோன்றும். சிலர் அங்கேயே நிரந்தரவாசம் பெற்று, குடும்பத்தோடு அடுக்குமாடி வீட்டில் தங்கிவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அங்கேதான் படிக்கிறார்கள்.

அங்கே ஒரு வெள்ளிக்கு இங்கே எத்தனை வெள்ளி என்பது நம்மவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அங்குள்ள பள்ளிக்கூடத்தில் தமிழ் எப்படி நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், இரண்டு விதமாகப் பதில் வரும். ஒருவர், "அங்கே தமிழுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, காசில்கூடத் தமிழ் எழுத்து உண்டு" என்பார். இன்னொருவர், "அட போங்க சார், அங்கே பிள்ளைகள் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்தான்" என்று அடித்துப் பேசுவார். இரண்டுமே உண்மைதான். ஒரே ஊரில் இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதை நாம் தெரிந்துகொள்வது நல்லது. நம் பிள்ளைகளுக்கும் அந்த நிலைமை வெகு தூரத்தில் இல்லை.

ஜூரோங் ஒரு காலத்தில் நம் ஊர்களைப் போன்றதுதான். ரப்பர்த் தோட்டங்களும் சதுப்பு நிலமும் இறால் குட்டைகளுமாகக் கிடந்த இடம். 1961-ல் அதைத் தொழிற்பேட்டையாக்கும் வேலை தொடங்கியது. 1963-ல் அங்கே முதல் ஆலையான இரும்பு உருக்காலை உற்பத்தியை ஆரம்பித்தது. இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த நிதியமைச்சர் டாக்டர் கோ கெங் சுவீயைப் பலர் பரிகசித்தார்களாம், ஆலைகள் வராமல் நிலம் வீணாகக் கிடக்கும் என்று. இன்று அந்தப் பக்கம் போனால் பரிகசித்தவர்கள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறது. அது இருக்கட்டும், நம் விஷயம் படிப்பு.

அதே ஜூரோங்கில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. 1950-களில் சீன மக்கள் தங்கள் மொழியிலேயே உயர்கல்வி வேண்டும் என்று கட்டிய நன்யாங் பல்கலைக்கழகம் அது. ஹொக்கியன் சங்கம் ஐந்நூறு ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. டான் லார்க் சை என்ற பெரும் ரப்பர் வணிகர் முன்னின்றார். (அந்தப் பணத்தில் நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிய பாலின் பங்கும் கொஞ்சம் இருக்கும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.) பணக்காரர்கள் மட்டுமல்ல, மூன்று சக்கர ரிக்‌ஷா மிதித்தவர்களும் ஒரு நாள் கூலியை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1956-ல் வகுப்புகள் தொடங்கின. ஆனால் காலம் ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்தது. 1980-ல் அதைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைத்துவிட்டார்கள்.

நம்மவர்களும் அதே காலத்தில் சும்மா இருக்கவில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்த நாளில், அங்கே இந்திய ஆய்வியல் துறை தொடங்கும் பேச்சு வந்தபோது, சமஸ்கிருதத்துக்கே முதலிடம் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. தமிழ் முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதை எதிர்த்து எழுதினார். இந்த மண்ணில் உழைத்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் பேசும் மொழி தமிழாக இருக்க, வேறொன்றை எப்படி முன்வைக்கலாம் என்பது அவர் வாதம். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால் வெட்டியவர்களும் மூட்டை தூக்கியவர்களும் கொடுத்த வெள்ளிகள் அவை. 1956-ல் துறை தொடங்கியது. தமிழ் அதில் நிலைத்தது. துறை பிறகு கோலாலம்பூருக்கு மாறி, இன்றும் நடக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர்களாக இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள்.

சிங்கப்பூரில் தமிழ்வழிப் பள்ளிகளும் இருந்தன. அவற்றுள் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி பெயர்பெற்றது. கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-ல் அதைத் தொடங்கியது. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயரையே பள்ளிக்கும் வைத்தார்கள். 1960-ல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவில் உயர்நிலை வரை தமிழிலேயே சொல்லிக்கொடுத்த பள்ளி அது ஒன்றுதான். ஆலைகளும் அலுவலகங்களும் ஆங்கிலம் தெரிந்தவர்களைக் கேட்கத் தொடங்கியதும், பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றினார்கள். யாரும் யாரையும் பிடித்துத் தள்ளவில்லை. வயிற்றுப்பாட்டை நினைத்து எடுத்த முடிவு. 1982-ல் உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. 1987 முதல் நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். பள்ளி மூடிய மறு ஆண்டே, 1983-ல், அதே புலவர் பெயரில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் எழுந்தது. இன்று அது சிராங்கூன் சாலையை ஒட்டிய பீட்டி சாலையில் இயங்குகிறது. வழியாக இருந்த தமிழ் பாடமாக மாறியது. ஆனால் கட்டாயப் பாடமாக மாறியது. இந்த வித்தியாசம்தான் முக்கியம். தொடக்கப்பள்ளிகளில் 1960 முதலும், உயர்நிலைப் பள்ளிகளில் 1966 முதலும் இரண்டாம் மொழி கட்டாயம். ஆறாம் வகுப்பு முடிவில் எழுதும் தேர்வில் நான்கு பாடங்கள்: ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி. நான்குக்கும் சம மதிப்பு. விதிவிலக்குகள் உண்டென்றாலும், பொதுவாகத் தமிழைக் கோட்டைவிட்டால் மொத்தத் தேர்ச்சியே அடிவாங்கும். ஒரு பள்ளியில் தமிழ் வகுப்பு நடத்தப் போதிய பிள்ளைகள் இல்லாவிட்டால், வேறு நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறார்கள். இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது பேசும் குடும்பத்துப் பிள்ளைகள் அவரவர் மொழியையே எடுக்கவும் 1990 வாக்கில் வழி ஏற்பட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சீனமொழிப் பல்கலைக்கழகம் இருந்த அதே ஜூரோங் வளாகத்தில்தான் இன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குள் இருப்பது தேசியக் கல்விக் கழகம். நாட்டின் பள்ளிகளுக்கு ஆசிரியர்களை உருவாக்கும் இடம் அது. தமிழாசிரியராக வருகிறவர்களும் அங்கேதான் பயிற்சி பெறுகிறார்கள். தமிழை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதற்கென்றே ஆராய்ச்சி, அதற்கென்றே விரிவுரையாளர்கள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழோடு தோட்டப்பள்ளிக்கு வந்து, வெண்கட்டியைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடித்தவன் நான். அந்த வளாகத்தின் வாசலைக் கடக்கும்போது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

சரி, இத்தனையும் இருக்கிறதே, பலன் என்ன? இதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். என் உறவினர் ஒருவர் ஜூரோங் மேற்கில் குடியிருக்கிறார். அவர் மகள் நான்காம் வகுப்பு. நான் போன அன்று அந்தப் பெண் தமிழ்க் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தாள். வாங்கிப் பார்த்தேன். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படி எழுத மாட்டார்கள். ஒற்று மிகும் இடம்கூடச் சரியாக இருந்தது. "நல்லா எழுதியிருக்கியேம்மா, எத்தனை நாழி ஆச்சு?" என்று கேட்டேன். அவள் தாயைத் திரும்பிப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்டாள். 'நாழி' புரியவில்லையாம். சரி, அது பழைய சொல் என்று, "எவ்வளவு நேரம்?" என்று மாற்றிக் கேட்டேன். "ஒன் அவர், மாமா" என்றாள். அப்புறம் நான் இருந்த இரண்டு நாளும் அவள் என்னோடு பேசிய தமிழ் 'மாமா' என்ற அந்த ஒரு சொல்தான்.

ஆனால் அதே வீட்டில் அவளுடைய பாட்டி இருந்தார். குளுவாங் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். ஆங்கிலம் ஓர் எழுத்தும் தெரியாது. பேத்தி ஆங்கிலத்தில் கேட்பாள். பாட்டி தமிழிலேயே பதில் சொல்வார். "ஆயா, வாட்டர்" என்றால், "கேட்கிறதைக் கேட்கிற மாதிரி கேளு, தண்ணி தர்றேன்" என்பார். தண்ணீர் வேண்டுமானால் தமிழ் வந்தாக வேண்டும். அந்தப் பிள்ளை தட்டுத் தடுமாறி, "ஆயா, தண்ணி குடுங்க" என்பாள். நாள் முழுவதும் அந்த வீட்டில் தமிழ்ப் பேச்சு நடந்த நேரம் அதுவே. பள்ளியில் நடப்பது தமிழ்ப் பாடம், அடுப்படியில் பாட்டியிடம் நடப்பது தமிழ்ப் பேச்சு. இரண்டும் ஒன்றையொன்று தாங்கினால்தான் நிற்கும்.

அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2005-ல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பிள்ளைகள் எழுத்துத் தமிழையே படித்துவிட்டுப் பேச வராமல் நிற்கிறார்கள் என்பதைக் கவனித்தது. வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதாவது, 'வந்தது' என்று எழுதவும், 'வந்துச்சு' என்று பேசவும் பழக்குவது. வாய்மொழித் தேர்வில் ஒரு சிறு காணொளியைக் காட்டி, அதைப் பற்றி உரையாடச் சொல்கிறார்கள். நம் தோட்டப்பள்ளிகளில் 'வந்துச்சு' என்று சொன்ன பிள்ளையின் தலையில் குட்டிய காலம் உண்டு! அந்தச் சொல்லை அங்கே மதிப்பெண் கொடுத்துக் கற்பிக்கிறார்கள் என்று கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்.

இதில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. பேச்சைப் பள்ளிக்குள் விட்டது சரி. ஆனால் வாசிப்பைக் குறைத்தால் இரண்டுமே போகும். நல்ல கதைப் புத்தகம் ஒன்றை ஒரு பிள்ளை விரும்பிப் படித்து முடிக்கிற வரைக்கும் அந்த மொழி அவள் கைக்கு வந்ததாக நான் கணக்கில் எடுப்பதில்லை. அங்குள்ள தமிழாசிரியர்களிலும் இதே கருத்துடையவர்கள் இருக்கிறார்கள்.

கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 2010-ல் சிங்கப்பூர் இந்தியர்களில் நூற்றுக்கு 41.6 பேர் வீட்டில் அதிகமாக ஆங்கிலம் பேசினார்கள். 2020-ல் அது 59.2 ஆகிவிட்டது. எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால், வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 3.3-லிருந்து 2.5 ஆகக் குறைந்தார்கள். ஆங்கிலம் பேசும் வீடுகளில் பெரும்பாலானவற்றில் தாய்மொழியும் இரண்டாவதாகப் புழங்குகிறது என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனாலும் இரண்டாவது மொழி, மூன்றாவது தலைமுறையில் விருந்தாளி மொழியாகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு. சட்டம், பாடநூல், பயிற்சி பெற்ற ஆசிரியர், ஏப்ரல் மாதந்தோறும் தமிழ்மொழி விழா, இத்தனையும் உள்ள நாட்டிலேயே பத்து வருடத்தில் இவ்வளவு வழுக்கல்.

முற்றிலும் போன மொழி திரும்ப வருமா என்று கேட்பவர்களுக்கு ஓர் ஊரைச் சொல்கிறேன். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் மான் தீவு என்று ஒன்று இருக்கிறது. அங்குள்ளவர்களின் சொந்த மொழி மாங்ஸ். ஆங்கிலம் பேசினால்தான் பிழைப்பு என்று பெற்றோர் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசுவதையே விட்டுவிட்டார்கள். அதை வீட்டு மொழியாகப் பேசி வளர்ந்தவர்களில் கடைசி மனிதர் நெட் மட்ரெல் என்ற மீனவர். அவர் 1974 டிசம்பரில் இறந்தார். அவருக்கு மட்டும் எப்படி வந்தது தெரியுமா? சிறு வயதில் அவர் ஒரு கிழவியிடம் வளர்ந்தார், பாட்டி முறை. அந்தக் கிழவிக்கு ஆங்கிலம் தெரியாது. அவ்வளவுதான் காரணம். ஜூரோங் ஆயாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிழவர் உயிரோடு இருந்தபோதே, 1948-ல், அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் அவரையும் மற்ற முதியவர்களையும் பேச வைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். மொழியில் ஆர்வம் கொண்ட சிலர் அந்த முதியவர்களிடமே போய்க் கற்றார்கள். 1992 முதல் தீவின் பள்ளிகளில் மாங்ஸ் வகுப்பு வைத்தார்கள். 2001-ல் எல்லாப் பாடத்தையும் அந்த மொழியிலேயே நடத்தும் தொடக்கப்பள்ளி ஒன்று தொடங்கியது. 2009-ல் யுனெஸ்கோ நிறுவனம் இந்த மொழி அழிந்துவிட்டது என்று ஒரு பட்டியலில் போட்டபோது, அந்தப் பள்ளிக் குழந்தைகள் அதே மொழியில் கடிதம் எழுதி, அழிந்த மொழி என்றால் நாங்கள் எழுதும் இது எந்த மொழி என்று கேட்டார்கள். பட்டியலைத் திருத்தினார்கள். கேட்க இனிப்பான கதைதான். ஆனால் ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒரு தலைமுறை பாடுபட்டு, இன்று அந்தத் தீவில் ஓரளவாவது மாங்ஸ் தெரிந்தவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். தாய் தாலாட்டில் இலவசமாகக் கிடைக்கிற ஒன்றை அவர்கள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினார்கள் பாருங்கள்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டில் தமிழ்க் கல்வி 1816-ல் பினாங்கில் ஒரு வகுப்பாக ஆரம்பித்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கூரை, அதில் கிராணியே வாத்தியார். இப்படித் தொடங்கியவைதான் நம் பள்ளிகள். இன்றும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, நம்மவர்கள் பட்டண ஓரத்துக்குப் போனபோதும் நிற்கின்றன.

சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு இல்லாத ஒன்று நம் பிள்ளைக்கு இருக்கிறது. மங்கு, உளி, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு என்று எந்தப் பாடநூலிலும் இல்லாத சொற்கள் அவன் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. சண்டை போடும்போதும் கெஞ்சும்போதும் தமிழ் அவனுக்குத் தானாக வருகிறது. அவனிடம் இல்லாதது ஜூரோங் பெண்ணிடம் நான் பார்த்த எழுத்துச் சுத்தம், கையில் ஒரு புத்தகம். ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. அதன்பின் இடைநிலைப்பள்ளியில் பாடமெல்லாம் மலாயில். தமிழ் அங்கே விருப்பப் பாடம்; சிங்கப்பூரைப் போலக் கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாத இடத்தில் பெற்றோர் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

தாய்மார்களே, இதைக் கவனமாகப் படியுங்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, ஒரு பள்ளியில் குறைந்தது 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால், நடைமுறைக்கு ஒத்துவருகிற பட்சத்தில் தமிழ் வகுப்பு நடத்த வேண்டும். கேட்காமலே, "அங்கே தமிழ் வாத்தியார் இல்லையாம்" என்று கேள்விப்பட்டதை நம்பித் திரும்பிவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். பெற்றோர் பெயர், பிள்ளை பெயர், வகுப்பு, கையெழுத்து, இவ்வளவுதான் கடிதத்துக்கு வேண்டியது. மலாயில் எழுதத் தெரியாவிட்டால் உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் கொடுங்கள், எழுதித் தருவார். ஆண்டு தொடங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். ஆசிரியரை நியமிக்க அவர்களுக்கும் அவகாசம் தேவை. தலைமையாசிரியரிடம் கொடுத்ததற்கு ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

எங்கள் தோட்டத்திலிருந்தும் பக்கத்து இரண்டு பிரிவுகளிலிருந்தும் வரும் ஆண்டு ஒரே இடைநிலைப்பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை எண்ணிப் பார்த்தேன். பதினொரு வீட்டில் கையெழுத்து வாங்கியாயிற்று. பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன நம் தோட்டத்துக் குடும்பங்கள் ஏழு இருக்கின்றன. அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளிக்குத்தான் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஜூரோங் வேலைக்காரர்கள் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து, அங்கே போவதாக இருக்கிறோம். இன்னும் நான்கு கையெழுத்து வேண்டும்.